நச்சியல் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம்.

கண்டனூரிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் ஒன்றில் பயோ-மேத்ஸ் பிரிவில் படிக்கும் தங்கள் மகள், பொருள்கள் உடலுக்கு எப்படி நஞ்சாகின்றன என்று ஆராயும் நச்சியல் துறையில் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். வீட்டிலுள்ளவர்களோ, அந்த வேலையை வருங்காலத்தில் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும், கணினிப் படிப்பில் சேர்த்துவிடுவதே நல்லது என்கிறார்கள். தங்கள் தயக்கம் நியாயமானது.

எந்திரம் இத்துறைக்குள் வந்து வெகுநாளாகிவிட்டது என்பது உண்மைதான். அமெரிக்க அரசு நிறுவனங்கள் சேர்ந்து 2008-இல் தொடங்கிய டாக்ஸ்21 திட்டத்தில், 1,536 குழிகள் கொண்ட தட்டுகளில் வளர்த்த உயிரணுக்களின்மீது சுமார் 10,000 வேதிப்பொருள்களை ரோபோக்களே செலுத்திச் சோதித்தன. அந்த முடிவுகளை வைத்து, மூலக்கூறின் அமைப்பை மட்டும் பார்த்து அதன் நச்சுத்தன்மையைக் கணிக்கும் போட்டி ஒன்று 2014-இல் நடந்தது. 12 வகைச் சோதனைகளுக்கான அப்போட்டியில் ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகக் குழு தரவிலிருந்து எந்திரமே கற்றுக்கொள்ளும் ஆழ்கற்றல் முறையால் முதலிடம் பெற்றது.

அப்படியானால் மனிதருக்கு என்ன வேலை இருக்கிறது? நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். அளவு மீறினால் அது கல்லீரலைக் கெடுக்கும். ஆனால் கெடுப்பது அந்த மருந்தன்று, கல்லீரல் அதைச் சிதைக்கும்போது உண்டாகும் வேறொரு பொருள். அதை அடக்கிவைக்க உடலே தயாரிக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் தீர்ந்துபோன பிறகே சேதம் தொடங்குகிறது. மருந்தைச் சிதைக்கும் ஆற்றலில்லாத உயிரணுக்களில் மட்டும் சோதித்துச் சேர்த்த தரவைக் கற்ற எந்திரம், இந்த மருந்தைப் பாதுகாப்பானது என்றே சொல்லக்கூடும். பேரேட்டில் ஏறாமல் விடுபட்ட பற்று ஐந்தொகையில் தெரியாது என்பதைச் செட்டிநாட்டில் வளர்ந்த தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எது விடுபட்டிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவரே இத்துறைக்குத் தேவை; அந்தக் கேள்வி உயிர்வேதியியலிலிருந்து வருமேயன்றி, கணினி நிரலிலிருந்து மட்டும் வராது.

நம் வயற்காட்டுக்கு நெருக்கமான இன்னொன்றையும் சொல்கிறேன். 2024-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான டேவிட் பேக்கரின் குழு, பாம்பு நஞ்சை முறிக்கும் புதிய புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்து, எலிகளில் அவை பலனளித்ததை 2025 ஜனவரியில் வெளியிட்டது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது நல்லபாம்பு வகையைச் சேர்ந்த பாம்புகளின் ஒருவகை நஞ்சுக்கூறுகளுக்கானது. ரத்தம் உறைவதைக் குலைக்கும் கண்ணாடிவிரியன் நஞ்சின் போக்கே வேறு, அதுவும் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. அந்த வேலை இன்னும் ஆளுக்காகக் காத்திருக்கிறது.

ஆகவே என் ஆலோசனை இதுதான். செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மருந்தியல், உயிர்வேதியியல், வேதியியல் ஆகியவற்றுள் ஒன்றை இளநிலையில் ஆழமாகப் படிக்கட்டும். பைத்தான் என்ற கணினி மொழியையும் புள்ளியியலையும் கூடவே கற்கட்டும். முதுநிலைக்கு, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியல் துறை இருக்கிறது. மருந்தியல் இளநிலைப் பட்டமான பி.பார்ம் முடித்தால், மொகாலியிலுள்ள நைப்பர் என்ற தேசிய மருந்தியல் கல்வி-ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றில் மருந்தியல்-நச்சியல் முதுநிலையில் சேர நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சிக்கென்றே 1965-இல் தொடங்கப்பட்ட நச்சியல் ஆய்வு நிறுவனம் லக்னோவில் இயங்குகிறது. நஞ்சுண்ட நோயாளியின் அருகில் நின்று சிகிச்சை தருவதே அவள் ஆசையென்றால் பாதை வேறு, அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து அவசர மருத்துவம் போன்ற துறைக்குச் செல்ல வேண்டும். இவ்விரண்டில் எது என்று அவளிடமே கேளுங்கள்.

வருமானம் தாமதமாகும் என்பதை மறைக்க மாட்டேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் முனைவர் பட்டம் முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை திருமணப் பேச்சால் அவளை அவசரப்படுத்தாமலிருக்க வீடு ஒப்புக்கொள்ளுமா என்பதைத் தாங்களும் ஐயாவும் இப்போதே பேசிவைப்பது நல்லது.

முழுப்பரீட்சை லீவில் மகளை அழைத்துக்கொண்டு காரைக்குடிக்கு வாருங்கள். அதற்கு முன்பு, பப்கெம் என்ற, வேதிப்பொருள்களுக்கான இலவச இணையத் தரவுத்தளத்தில் பாராசிட்டமாலைத் தேடி, அதன் நச்சுத்தன்மை குறித்து அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் தன் சொந்த வார்த்தைகளில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். அதை வைத்தே பேசலாம்.