சிம்பன்சி பல்லைக் காட்டினால் சிரிப்பு என்று நினைக்காதீர்கள்

போன இதழில் குரங்குத் தொல்லை பற்றி ஒரு சின்னப் பதில் போட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த முறை திருகோணமலையின் நாலு பக்கத்திலிருந்தும் மனிதக் குரங்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த இதழ் மனிதக் குரங்குகளுக்கே.

ஐயா, எங்கள் வளவில் குரங்குகள் குரும்பையைப் பறித்து எறிகின்றன, ஓட்டையும் விட்டுவைப்பதில்லை. மனிதக் குரங்கு என்பது இதே சாதியில் பெரியதுதானே? இலங்கைக் காட்டில் உண்டா? (பாலையூற்று வாசகர்)

இல்லை. வாலைப் பாருங்கள், அது போதும். உங்கள் ஓட்டில் குதிப்பது சிங்களவர் ரிலவா என்று சொல்லும் சின்னக் குரங்கு, இல்லாவிட்டால் கறுத்த முகத்து மந்தி. இரண்டுக்கும் நீண்ட வால். கொரில்லா, சிம்பன்சி, பொனொபோ, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு வாலே கிடையாது. முதல் மூன்றும் ஆபிரிக்காவில், கடைசியது போர்னியோவிலும் சுமாத்திராவிலும். இலங்கையில் பார்க்க வேண்டுமென்றால் மிருகக்காட்சிசாலைக்குத்தான் போக வேண்டும், காட்டில் தேடிப் பயனில்லை.

என் மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். சட்டை போட்ட சிம்பன்சிக் குட்டி எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறது. தனக்கும் ஒன்று வேண்டுமென்று அடம். அது சந்தோஷமாகத்தானே இருக்கிறது? (உப்புவெளி வாசகி)

இல்லை தங்கச்சி, அது பயந்துபோய் இருக்கிறது. உதட்டை இழுத்து மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தெரியக் காட்டுவது சிம்பன்சியிடம் அச்சத்தின் முகம், பெரிய ஆணிடம் அடிபடப் போகிறோம் என்கிறபோது வருவது. உண்மையில் விளையாடிச் சிரிக்கும்போது வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல்பல் பெரும்பாலும் உதட்டுக்குள்ளேயே இருக்கும், கூடவே மூச்சுவாங்குவதுபோல் ஒரு கரகரத்த சத்தம் வரும். கிச்சுக்கிச்சு மூட்டினாலும் அதே சத்தம்தான்.

அந்தக் குட்டி சட்டைக்குள் எப்படி வந்தது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். சிம்பன்சித் தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியை விடமாட்டாள். காட்டிலிருந்து ஒரு குட்டியைப் பிடிப்பதென்றால் தாயைச் சுட வேண்டும், காப்பாற்ற ஓடிவரும் மற்றவர்களையும் பல நேரம் சுட வேண்டும். சர்வதேச வணிகம், அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்படி தடை, ஆனாலும் ஒவ்வொரு லைக்கும் அந்த வியாபாரிக்கு விளம்பரம்.

குட்டிக்கு நாலைந்து வயதுவரை பால், அதற்குப் பிறகும் பல வருடம் தாயின் பின்னால். என்ன தின்பது, யாரிடம் பணிவது, இரவில் கிளைகளை மடித்துப் படுக்கை போடுவது எப்படி, எல்லாம் பார்த்துப் பழகுவதுதான். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் 1960இல் தன்சானியாவின் கொம்பேயில் சிம்பன்சி புல்லுத்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் பிடிப்பதைக் கண்டார் அல்லவா, அதைக்கூடக் குட்டிகள் தாயின் பக்கத்தில் குந்தியிருந்துதான் படிக்கின்றன; பெண்குட்டிகள் சீக்கிரம் படித்துவிடுகின்றன, ஆண்குட்டிகள் உருண்டு புரண்டு நேரத்தைப் போக்குகின்றன (இதைப் படிக்கும் அம்மாமாருக்கு ஆச்சரியம் இருக்காது). அதே கொம்பேயில் ஃப்ளோ என்ற கிழட்டுத் தாய் 1972இல் செத்தபோது மகன் ஃப்ளின்ட்டுக்கு எட்டு வயது. தானே தின்னத் தெரிந்த வயதுதான். ஆனாலும் சாப்பாட்டை விட்டுச் சோர்ந்து, சில கிழமைகளில் அவனும் போய்விட்டான்.

சிம்பன்சிகளும் யுத்தம் செய்யுமாமே? அப்படியென்றால் சண்டை எங்கள் இரத்தத்திலேயே ஊறியதா? (மூதூர், உயர்தர மாணவன்)

செய்யும் தம்பி. கொம்பேயில் ஒரே கூட்டமாக இருந்தவை இரண்டாகப் பிரிந்தன. 1974இலிருந்து 1978வரை கசகேலாக் கூட்டத்து ஆண்கள் எல்லைக்குச் சத்தமில்லாமல் போய், தனியே அகப்பட்ட கஹாமாக் கூட்டத்து ஆண்களை ஒவ்வொருவராக அடித்துக் கொன்றார்கள். முன்பு ஒன்றாகப் பேன் பார்த்தவர்கள்தான்.

ஆனால் பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். ஃபிரான்ஸ் டி வால் என்ற ஆய்வாளர் நெதர்லாந்தில் ஒரு மிருகக்காட்சிசாலைச் சிம்பன்சிகளைக் கவனித்தபோது, சண்டை முடிந்த கொஞ்ச நேரத்தில் அடித்தவனும் அடிபட்டவனும் தேடிப்போய்க் கட்டிப்பிடித்து முத்தமிடுவதைக் கண்டார். அப்புறம் சிம்பன்சியைப் போலவே இருக்கும் பொனொபோ. கொங்கோ ஆற்றுக்குத் தெற்கே மட்டும் வாழ்வது. அங்கே பெண்கள் சேர்ந்து நிற்பதால் ஆண்கள் அடாவடி பண்ண முடியாது, மகனுக்கு மரியாதை கிடைப்பதே அம்மாவின் செல்வாக்கில்தான், பக்கத்துக் கூட்டம் வந்தால் பெரும்பாலும் ஒன்றாக இருந்து சாப்பிடுகின்றன. சிம்பன்சியும் பொனொபோவும் நமக்கு ஒரே அளவு நெருங்கிய உறவு. ஆகவே சண்டைக்குக் குரங்கைச் சாட்சிக்குக் கூப்பிடுபவர் தனக்குப் பிடித்த சாட்சியைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன்.

பாமாயில் வாங்காமல் விட்டால் ஒராங்குட்டான் தப்புமா? (கிண்ணியா வாசகர்)

கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான். 2021 ஏப்ரலில் இலங்கை, பாமாயில் தரும் முள்தேங்காய்ப் பயிரையும் பாமாயில் இறக்குமதியையும் தடைசெய்தது, ஆனால் அதற்குச் சொன்ன காரணம் இங்குள்ள மண்ணும் தண்ணீரும், ஒராங்குட்டான் அல்ல. ஒரு ஏக்கரில் முள்தேங்காய் தரும் அளவு எண்ணெயை வேறு எந்தப் பயிரும் தராது. அதை ஒதுக்கிவிட்டு வேறு பயிருக்குப் போனால் இன்னும் கூடுதலான நிலம் வேண்டும். ஒராங்குட்டான் வாழும் காட்டை அழித்துப் புதிதாக நடாமல் இருப்பதுதான் முக்கியம்.

இதில் பயங்கரம் கணக்கில் இருக்கிறது. ஒராங்குட்டான் தாய் ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனுவாள். உங்கள் ஊர்க் குரங்குக் கூட்டம் ஒரு மோசமான வருடத்தைத் தாங்கிவிடும், இது தாங்காது. சுமாத்திராவின் பத்தாங் தோரு காட்டிலுள்ள தபனூலி ஒராங்குட்டானைத் தனி இனமென்று 2017இல்தான் அறிவித்தார்கள். அறிவிக்கும்போதே மிச்சம் 800க்கும் குறைவு.

ஒன்றாவது கூடியிருக்கிறதா, எல்லாம் அழுகைக் கதையா? (நிலாவெளி வாசகி)

கூடியிருக்கிறது அக்கா. மலைக் கொரில்லா. 1980களின் தொடக்கத்தில் ருவாண்டா, உகண்டா, கொங்கோ எல்லையிலுள்ள விருங்கா மலைகளில் சுமார் 250தான் இருந்தன. இப்போது பக்கத்து பிவிந்திக் காட்டையும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, 2018இல் அழியும் ஆபத்துப் பட்டியலில் ஆபத்துக் குறைந்த அடுத்த படிக்கும் இறக்கினார்கள். இதற்குக் காரணம் வேட்டைக் கண்ணிகளை வெட்டி அகற்றும் காவலர்கள், காட்டுக்குள்ளேயே போய் மருந்து போடும் மிருக வைத்தியர்கள், பிறகு உல்லாசப் பயணிகளின் காசு. ருவாண்டாவில் ஒரு மணித்தியாலம் பார்க்க 1,500 டொலர், அந்த வருமானத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள கிராமங்களுக்கு. எனக்கு இந்த விலை நெருடுகிறது, ஆனால் வேலை செய்கிறது. நம்முடைய சாதாரணத் தடிமன் அவற்றைக் கொன்றுவிடக்கூடும் என்பதால், அவ்வளவு காசு கட்டிவிட்டுப் போனாலும், இருமல் இருந்தால் மலையேற விடமாட்டார்கள்.