‘ஆறுதல்’, ‘நிம்மதி’ ஆகிய சொற்களுக்கு ஒத்த சொற்களும் எதிர்ச்சொற்களும் என்னென்ன?

கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வீட்டில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பிள்ளை இருக்கிறது, நாளைக்குப் பரீட்சை, ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. சரி, அவசரத்துக்கு வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலுக்குத் தேறுதல், தேற்றரவு, ஆசுவாசம். நிம்மதிக்கு அமைதி, சாந்தி. உடம்பைப் பற்றிய பேச்சு என்றால் சுகம், இதம், சௌகரியம். எதிர்ச்சொல்லுக்குக் கவலை, துயரம், கலக்கம், அமைதியின்மை, சிரமம், அசௌகரியம். இதை எழுதினால் எந்த வாத்தியாரும் மார்க் குறைக்க மாட்டார். பிள்ளையைத் தூங்க அனுப்புங்கள்.

இனி நான் சொல்வது பரீட்சைக்கு உதவாது. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக என்னால் முடியவில்லை. இதே கேள்வியில் ஒரு மார்க் பறிகொடுத்தவன் நான்.

1989, ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். ‘எதிர்ச்சொல் தருக’ என்று ஐந்து சொற்கள் வந்திருந்தன. நான்காவது, நிம்மதி. நான் எழுதியது ‘வெப்ராளம்’. பேப்பர் திரும்பி வந்தபோது அதன் மேல் சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் ‘தமிழில் எழுது’. தமிழய்யா வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர்தான், யாரையும் அடித்ததில்லை. ஆனால் வகுப்பில் எழுப்பி நிறுத்தி, “இது மலையாளம்டா” என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே சொல்தான் புழங்கியது, அது வேறு விஷயம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் கிளம்பப் போகிறது, சட்டைப்பையில் வைத்த காசைக் காணோம், நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை எல்லாப் பையையும் மாறி மாறித் துழாவுகிறது. அதுதான் வெப்ராளம். பதற்றம் என்பீர்கள். பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கலாம், வெப்ராளத்தோடு முடியாது, உடம்பு அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருக்கும். “எதுக்கு மக்ளே இப்பிடிக் கெடந்து வெப்ராளப்படுத?” என்று அம்மா கேட்காத நாள் எங்கள் வீட்டில் குறைவு. நிம்மதிக்கு இதைவிடச் சரியான எதிர்ச்சொல்லை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

‘அது மலையாளத்திலும் இருக்கிறதே’ என்று வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. நிம்மதி மட்டும் என்னவாம்? கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘நெம்மதி’ உண்டு. பக்கத்து மொழியில் இருப்பதாலேயே ஒரு சொல் தமிழ் இல்லை என்றால், அன்றைக்குக் கேள்வித்தாளிலேயே சிவப்புச் சுழி போட்டிருக்க வேண்டும். இன்னொன்று. எங்கள் ஆட்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அதன் பிறகு 1956 நவம்பர் 1-இல்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் இந்தப் பக்கம் வந்தன. அந்தப் புதுக்கடை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். தமிழுக்காகக் குண்டு வாங்கிய ஊரின் பிள்ளையிடம் ‘தமிழில் எழுது’ என்றால் கோபம் வராதா? பதினோரு வயதில் எனக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது, அழுகைதான் வந்தது. கோபம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டு வந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத ஒன்று, இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காட்சி இருக்கிறது. அந்தக் காட்சியைப் பிடித்துவிட்டால் எதிர்ச்சொல் தானாகக் கிடைக்கும்.

ஆறுதல் என்பது ஆறு என்ற வினையிலிருந்து வந்தது. ஆறு என்றால் சூடு தணிதல். சோறு ஆறும், சாயா ஆறும், புண் ஆறும். ஔவையார் ‘ஆறுவது சினம்’ என்றதும், வள்ளுவர் தீச்சுட்ட புண் ‘உள்ளாறும்’ என்றதும் இதே சொல்தான். அப்படிப் பார்த்தால் ஆறுதலுக்கு எதிர் கவலை இல்லை, கொதிப்பு. மனம் கொதித்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் ஆறுதல் வேண்டும். வெப்ராளம் என்று சொல்லும்போதெல்லாம் என் காதில் ‘வெப்பம்’ கேட்பதும் இதனால்தானோ என்னவோ.

தேறுதல், தேற்றுதல் என்பவை தண்ணீர்க் காரியம். தேறு என்றால் தெளிதல். பழைய பாட்டுகளில் தெளிந்த கள்ளுக்குப் பெயர் தேறல். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆக வருஷத்தில் இரண்டு முறை கிணறு கலங்கும், செம்மண் கரைந்து சாயா நிறத்தில் வரும். அப்போது பாட்டி பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை வைத்து வட்டம் வட்டமாக உரசுவாள். சட்டை பித்தான் அளவுக்கு ஒரு சின்னக் கொட்டை. ‘சர் சர்’ என்று சத்தம் வரும், பானைச் சுவரில் ஈரமாக வெளுத்த ஒரு தடம் விழும். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். திறந்து பார்க்க விடமாட்டாள். சாயங்காலம் பார்த்தால் மண்ணெல்லாம் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். தேற்றா மரம், தேற்றாங்கொட்டை, தேற்றுதல், எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே இதற்கு எதிர் கலக்கம். இந்த ஜோடியைப் பாடப்புத்தகக்காரர்களும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், ஏன் என்றுதான் சொல்வதில்லை. பழைய வேதாகமத்தில் பரிசுத்த ஆவியானவரைத் ‘தேற்றரவாளன்’ என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பாட்டியின் பானைதான் நினைவுக்கு வரும். அதே வேதாகமத்தில் இளைப்பாறுதல் என்று ஒன்று வரும், எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் சபைச் சுவர்களில் படிக்கலாம். அதற்குள்ளும் ஆறுதல் இருக்கிறது. இளைப்பு ஆறுதல். எதிர், இளைப்பேதான்.

ஆசுவாசத்துக்கு மட்டும் கொஞ்சம் சொந்தக் கதை வேண்டும்.

2012 ஐப்பசி. நான் அப்போது சென்னையில் வேலை. அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு, திருவனந்தபுரத்தில் சேர்த்திருக்கிறோம், ஆபரேஷன் என்று ஊரிலிருந்து போன். எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளையைத் தாண்டுவதுதான் வழக்கம். நான் மேனேஜரிடம் போய், “சார், அப்பாவுக்குச் சொகமில்ல, ஒரே சங்கடமா இருக்கு” என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “லீவு கேக்கறதுல என்னங்க சங்கடம்? தாராளமா கேளுங்க” என்றார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. எங்களுக்குச் சங்கடம் என்றால் நெஞ்சை அடைக்கிற துக்கம். அவருக்கு அது கூச்சம். மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்குக் கோயிலில் வரிசையில் நிற்கிறார்களே, பிள்ளையார் அன்றைக்குப் போக்குவது கூச்சத்தையா?

தாராளமாகக் கேட்ட அந்த லீவுக்கு மாதக் கடைசியில் இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். அதற்கு முந்தைய மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கேட்டதற்கு ‘சிஸ்டம்ல அப்படித்தான் வருது’ என்று பதில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது. ஆனாலும் நினைத்தால் எரிகிறது.

அனந்தபுரி எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள், ஆறு மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை. சித்தி பிளாஸ்க்கில் சாயா கொண்டுவந்திருந்தாள். அம்மா அதை டம்ளரில் ஊற்றினாள். டம்ளரிலிருந்து பிளாஸ்க் மூடிக்கு, மூடியிலிருந்து டம்ளருக்கு. மறுபடி மூடிக்கு. முதலில் ஆவி பறந்தது, பிறகு நின்றது. அம்மா நிறுத்தவில்லை. சொட்டுக்கூடச் சிந்தாமல், கண் மட்டும் கதவிலேயே இருக்க, ஆற்றிக்கொண்டே இருந்தாள். “அக்கா, ஆறிப் போச்சு, குடி” என்றாள் சித்தி. “அவருக்கு நல்லா ஆறணும்” என்றாள் அம்மா. மேலே ஆடை படிந்து சுருங்கிவிட்டது. கடைசியில் அந்தச் சாயாவை யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் பிள்ளை வெளியே வந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். அம்மாவைத் தேடி வந்து, “அச்சனு இப்போ ஆஸ்வாசமுண்டு” என்றது. அம்மா அதன் கையைப் பிடித்துக்கொண்டு, “வயித்துல பால வார்த்தியே மக்ளே” என்றாள். அவள் மலையாளத்தில் சொன்னாள், இவள் தமிழில் சொன்னாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் திருத்தவில்லை.

ஆஸ்வாசம் வடமொழி. ஸ்வாசம், அதாவது மூச்சு, அதற்குள் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு மாதமாக அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும், தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். ஆகவே அந்தப் பிள்ளை சொன்ன சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அதற்கு எதிர் மூச்சுமுட்டல்தான், இதற்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. வடமொழி வேண்டாம் என்பவர்கள் ‘அப்பாடா’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மூச்சுதான், வெளியே விடும் மூச்சு.

அம்மா சொன்னதிலும் ஒரு ஜோடி இருக்கிறது. நல்ல சேதி கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி, கெட்ட சேதி வரும் போலிருந்தால் வயிற்றில் புளியைக் கரைத்த மாதிரி. இதைவிட நல்ல எதிர்ச்சொல் ஜோடி உண்டா? எந்தப் பரீட்சையிலும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நிவாரணத்தையும் சமாதானத்தையும் விட்டுவிட்டேனே என்று கேட்கலாம். சமாதானம் இப்போது பாதி நேரம் சாக்குப்போக்கு என்றாகிவிட்டது, ‘சமாதானம் சொல்லாதே’ என்கிறோம். நிவாரணம் என்றால் தடுத்து விலக்குவது என்று பொருள், தைலப் புட்டியில் மட்டும் அந்தப் பொருள் மிச்சமிருக்கிறது, வலி நிவாரணி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பாமல் போனார்களே, அதற்குப் பிறகு எங்கள் கடற்கரை ஊர்களில் நிவாரணம் என்றால் பணம், ஆறுதல் என்றால் காரில் வந்து சொல்லிவிட்டுப் போவது. உடல் கூடக் கிடைக்காத வீடுகளில் இருந்ததற்குப் பெயர் தவிப்பு. நிம்மதிக்கு எதிர்ச்சொல்லாக வெப்ராளத்தை ஏற்காதவர்கள் இதையாவது எழுதலாம். வெப்ராளம் ஒரு நாளில் அடங்கிவிடும், தவிப்பு அடங்காது.

நான் மொழி ஆராய்ச்சிக்காரன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வேர்ச்சொல் விளக்கத்தில் யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். வெப்ராளத்தை மட்டும் திருத்த முடியாது.

உங்கள் பிள்ளை இந்நேரம் தூங்கியிருக்கும். காலையில் நிம்மதிக்கு எதிர்ச்சொல் என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ‘கவலை’ என்றால் சரி, அனுப்பிவிடுங்கள். நீங்களும் எங்கள் பக்கத்து ஆட்களாக இருந்து, அது வேறு ஏதாவது சொன்னால், ஒரு மார்க் போகும் என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள்.