இருபது புள்ளிக்கு ஒரு காதலா?

கேள்வி: வயது வந்தோருக்கான ஊடாட்டக் கதை விளையாட்டு ஒன்றை ட்வைன் மென்பொருளில் எழுதி வருகிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திற்குக் கணக்கு எழுத வரும் இளைஞனாக ஆடுபவர் இருப்பார். தோட்ட மேற்பார்வையாளரான 32 வயதுப் பெண்ணே நாயகி. அவளைப் புகழும் ஒவ்வொரு பதிலுக்கும் 5 புள்ளி. 20 சேர்ந்ததும் நெருக்கமான காட்சி திறக்கும். ஆடிப் பார்த்த நண்பர்களோ, காதல் எப்போது வந்ததென்றே தெரியவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நண்பர்கள் சொல்வது சரிதான். அடிவாரத்தில் ஏறியவரை, ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் ஏரிக்கரையில் இறக்கிவிட்டிருக்கிறீர்கள்.

புள்ளி வைப்பது குற்றமன்று. 2009இல் வந்த ட்வைனிலும், அதற்கு முன்பே வந்த ரென்பை என்ற கதை விளையாட்டு மென்பொருளிலும் மாறிகளை (மாறும் மதிப்புகளைக் குறித்து வைக்கும் பெயர்களை) கொண்டு பலரும் செய்வதுதான். ஆனால் நம்பிக்கைக்கு ஒரு மாறி, ஈர்ப்புக்கு ஒரு மாறி எனப் பிரித்து வையுங்கள். கூலிக் கணக்கில் அவள் காட்டிய பிழையை அவன் ஒப்புக்கொண்டால் நம்பிக்கை ஏறட்டும். ஈர்ப்பு அசையவே வேண்டாம்.

இருவரும் வேலையாகச் சேலத்துக்கு இறங்கும் நாளில், தட்டுவடை செட் கடையில் "எனக்கு வெங்காயம் போடாதீங்க" என்று அவள் சொல்வது ஒற்றை வரியாகக் கடந்து போகட்டும். பத்துக் காட்சிகள் கழித்து, அதே கடையில் அவள் கைபேசியில் பேசிக்கொண்டிருக்க, ஆடுபவரே அவளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரட்டும். அங்கே தெரிவுகளில் 'அவளுக்குப் பிடித்தபடி' என்று எழுதிவிடாதீர்கள் (அப்படி எழுதி ஓர் அத்தியாயத்தையே நான் கெடுத்திருக்கிறேன்). வெங்காயம் போட்டது, போடாதது என்று மட்டும் இருந்தால்தான் நினைவு ஆடுபவருடையதாகும். அவள் நன்றி சொல்லவும் வேண்டாம்; தட்டைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிமிர்ந்தால் போதும்.

கோடை மழை விழுந்த சில நாட்களில் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பழம் சிவக்க ஆண்டுக் கடைசியாகும். நெருக்கமான காட்சியைப் பூக்கும் நாளில் வைக்கத்தான் கை துறுதுறுக்கும். அதை அறுவடைக் கணக்கு முடிந்த இரவுக்குத் தள்ளிப் போடுங்கள்.

அந்த இரவிலும் அவள் மறுக்கக்கூடும். அப்பாதையை 'ஆட்டம் முடிந்தது' என்ற திரையோடு அடைத்துவிடாமல், மறுநாள் காலையில் பெயர்ப் பதிவேட்டோடு அவள் வழக்கம்போல வந்து நிற்பதையும், அவன் என்ன பேசுகிறான் என்பதையும், மற்றக் காட்சியைவிடக் கவனமாக எழுதுங்கள்.