மெடியா கேட்ட சத்தியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ‘மெடியா’ நாடகத்தை இப்போதுதான் ஆங்கிலம் வழியாகப் படித்து முடித்தேன். எழுதியவர் ஆண். முகமூடி மாட்டிக்கொண்டு மெடியாவாக நடித்தவரும் ஆண். புருஷன் வஞ்சித்தான் என்று பெற்ற பிள்ளைகளையே கொல்கிறாள். இதைப் போய்ப் பெண்ணின் சுயநிர்ணயம் என்கிறார்கள். ஆண்களின் பயத்துக்குப் பெண்வேஷம் கட்டிவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் கொலையை மட்டும் வைத்து அவளை அளந்தால், அதற்கு முன்னால் வரும் ஈஜியஸ் காட்சி கைநழுவிப் போகும். ஏதென்ஸின் அரசன் அவன். பிள்ளையில்லை. டெல்ஃபி கோயிலில் குறி கேட்டுவிட்டு வரும் வழியில், மெடியா இருக்கும் கொரிந்து நகரில் தலைகாட்டுகிறான். சம்பந்தமில்லாமல் வந்து நிற்கிறான் என்று அரிஸ்டாட்டிலே குறைப்பட்டார். எனக்கு நாடகத்தின் அச்சாணியே அங்கேதான் இருக்கிறது.

நாடு கடத்தப்படவிருக்கும் மெடியா அடைக்கலம் கேட்கிறாள். பதிலுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு மருந்து தருவதாகச் சொல்கிறாள். அவன் சரி என்றுவிடுகிறான். அவள் அதோடு விடுவதில்லை. நம்புகிறேன், இருந்தாலும் சத்தியம் செய் என்கிறாள். யார் பேரில்? பூமியின் பேரில், என் பாட்டன் சூரியன் பேரில், எல்லாத் தெய்வங்கள் பேரிலும். எதற்கு? நீயாக என்னைத் துரத்தக்கூடாது, எதிரிகள் வந்து கேட்டாலும் ஒப்படைக்கக்கூடாது. மீறினால் உனக்கு என்ன ஆகட்டும்? அதையும் அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். பழுத்த பத்திர எழுத்தர் தோற்றார்!

அன்றைய ஏதென்ஸில் கல்யாணம் என்பது பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையும் பேசி முடிக்கிற ஒப்பந்தம். அதில் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு இடமில்லை. மெடியாவை யாரும் தாரை வார்க்கவில்லை. அப்பாவுக்குத் துரோகம் செய்து, கூடப்பிறந்தவனையும் கொன்றுவிட்டு வந்தவள். அவள் புருஷன் ஜேசன் வலதுகை கொடுத்துச் சத்தியம் செய்தது நேராக அவளிடம். ஆகவே அவன் கொரிந்து அரசன் மகளைக் கட்டியது அவள் கண்ணில் வாக்குத் தவறிய குற்றம். கொரிந்துப் பெண்களாக மேடையில் நிற்கும் கோரஸும் (பாடகர் குழு) சத்தியத்துக்கு மதிப்பே போய்விட்டது என்றுதான் பாடுகிறது. ஜேசனோ, கிரேக்க நாட்டில் உனக்குப் பேரும் புகழும் வந்தது என்னால்தானே என்று கணக்குச் சொல்கிறான். (அந்தப் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தை வீசத் தோன்றும்.) ஒருமுறை ஏமாந்தவள் அடுத்த அரசனிடம் ஷரத்து ஷரத்தாகப் பேசுவதில் என்ன ஆச்சரியம்?

கொலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். சுயநிர்ணயம் என்பது அதற்குப் பொருந்தாத, அழகான வார்த்தை. ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை கேடயத்தோடு போர்க்களத்தில் நிற்பேன் என்றவள் அவள். எதிரிகள் சிரித்துவிடுவார்கள் என்பதுதான் அவளை உந்துகிறது. அது போர்வீரனின் மானம். அந்த மானத்தைத் தன் வயிற்றில் பிறந்தவர்கள் மேல் தீர்க்கிறாள். நடுவில் மனம் மாறுகிறாள், திரும்ப மாறுகிறாள். பிள்ளைகளின் மென்மையான தோலையும் மூச்சின் இனிமையையும் சொல்லிவிட்டு, போங்கள், உங்களைப் பார்க்க முடியவில்லை என்கிறாள்.

கடைசியில் சூரியன் தந்த ரதத்தில், பிணங்களோடு, எட்டாத உயரத்தில் இருக்கிறாள். பிள்ளைகளைத் தொட வேண்டும் என்று ஜேசன் கீழிருந்து கெஞ்சுகிறான். கிடையாது என்கிறாள். ஈஜியஸிடம் வாழப் போவதாகச் சொல்கிறாள். கி.மு. 431-இல் முதன்முதலாக அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஏதென்ஸ்காரர்கள். அவள் வரப்போவது அவர்கள் ஊருக்கு.