தாயார் பாடினால் தாளம் தவறுகிறதா?

கேள்வி: அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான், வயது 60. சிறு வயது ஆசையைத் தீர்த்துக்கொள்ள யமஹா பி.எஸ்.ஆர். இ373 கீபோர்டு வாங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. 622 ஒலிகள், 205 ஸ்டைல்கள் (தானாக ஓடும் தாளப் பின்னணிகள்) என்று இருப்பதில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இடது கையில் ஒரு விரலால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்தால் போதுமா, மூன்று விரல்களும் வேண்டுமா? கார்டு மாற்றும்போது வலது கை நின்றுவிடுகிறது. கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) வாசிப்பதற்காக, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள உயர்ந்த மாடலுக்கு மாறலாமா? ஆசிரியர் அவசியமா? 82 வயதுத் தாயார் எங்களுடன் இருக்கிறார். ஒரு காலத்தில் ஊர் பஜனை கோஷ்டியில் முன்பாட்டுப் பாடியவர். ஸ்பீக்கரில் வாசித்தால் அவரும் கூடவே பாடத் தொடங்கிவிடுவார், என் தாளம் தவறிவிடும் என்பதால், அவர் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்கிறேன். இந்த வயதில் இது எனக்கு வருமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஓய்வுக்குப் பின் கீபோர்டு வாங்கியவர்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாரும் உங்களைப் போலவே "இந்த வயதில் வருமா" என்றுதான் முடிக்கிறார்கள். அதற்கு ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. நாள் தவறாமல் உட்கார்ந்தால் வரும், உட்காராவிட்டால் இருபது வயதிலும் வராது என்பது உங்களுக்கே தெரியும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. தாயார் கூடவே பாடத் தொடங்கிவிடுவார் என்பதற்காக அவர் தூங்கும்வரை காத்திருக்கிறேன் என்று, அதை ஒரு கேள்வியாகக்கூட அல்லாமல், போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் வாங்கியிருப்பது எந்த வகைக் கருவி என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். அரேஞ்சர் என்பது, பாடுகிறவருக்குப் பின்னால் டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் வாசிக்க ஆள் கிடைக்காத இடத்தில், வாசிப்பவரின் இடது கை காட்டுகிற கார்டைப் புரிந்துகொண்டு, அந்தப் பக்கவாத்தியங்கள் முழுவதையும் தானே வாசித்துக் கொடுக்கும் கருவி. சின்ன மெல்லிசைக் கச்சேரிகளில் ஒரே ஒருவர் கீபோர்டோடு உட்கார்ந்து பாடகரைத் தாங்கிக்கொள்ள முடிவது இதனால்தான். இதை வாங்கிய பலர், பாட ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று வெளியே ஆள் தேடுகிறார்கள். உங்களுக்கோ பாடகர் அடுத்த அறையிலேயே இருக்கிறார், அழைக்காமலே பாட வருகிறார். நீங்கள் அவர் கண் மூடுவதற்காகக் காத்திருக்கிறீர்கள்.

அவர் பாடினால் தாளம் தவறிவிடும் என்கிறீர்களே, தவறுவது யாருடைய தாளம்? ஸ்டைல் ஓடும்போது கருவி தவறாது. கையில் ஜால்ராவோடு முன்னால் நின்று ஒரு கோஷ்டியையே இழுத்துக்கொண்டு பாடியவரும் அவ்வளவு எளிதில் தவறமாட்டார். தவறுகிறவர் நீங்கள்தான், உங்கள் கண் இடது கையிலும் திரையிலும் இருக்கிறதே தவிர, காது பாட்டில் இல்லை. கார்டு மாற்றும்போது வலது கை நின்றுவிடுகிறது என்ற உங்கள் குறைக்கும் காரணம் இதுவே. பாட்டின் வரி எங்கே திரும்புகிறது என்பது காதில் விழுந்துகொண்டிருந்தால், கார்டு எங்கே மாற வேண்டும் என்பதைக் கை முன்கூட்டியே அறிந்துகொள்ளும். இரவில் தனியாக உட்கார்ந்து இதைப் பழகுகிறவர், தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த துணையைத் தானே விலக்கி வைத்துவிட்டுப் பழகுகிறார்.

இதைப் பயிற்சி முறை பற்றிய விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. பெற்றவளை வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுப்பது என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிட்டோம். 82 வயதில் ஒருவருக்கு வீட்டில் செய்வதற்கு வேலை என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. கேட்பதற்கும் யாரும் இருப்பதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு சத்தம் கேட்டவுடன் தன் குரலைச் சேர்த்துக்கொள்ள வருகிறார் என்றால், உங்கள் வீட்டில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்க வருகிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஹெட்போன் கம்பியைச் செருகி ஸ்பீக்கரை அடக்கிவிடுவது தவறு. மகன் செய்யக்கூடாத தவறு. அவர் அந்தக் காலத்தில் பாடிய பாட்டுகள் எத்தனை, எவை என்று உங்களால் இப்போது சொல்ல முடியுமா? முடியாது என்றால் 205 ஸ்டைல்களில் எதைத் தொடுவது என்ற கவலையை ஒத்திவைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அருகே போய் உட்காருங்கள்.

நீங்கள் கேட்ட "எங்கே தொடங்குவது" என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. கருவியைத் தொடாமல், அவருக்கு வசதியான சுருதியில் ஒரு பாட்டைப் பாடச் சொல்லுங்கள். அவருடைய ஸட்ஜம் (ஆதார சுரமான ஸ) எந்தக் கட்டையில் விழுகிறது என்று தேடிப் பிடியுங்கள். சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை என்று போகும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரை கிடையாது. கோஷ்டியில் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடிய பெண் குரல் இந்த வயதில் இறங்கியிருக்கும். அவர் இப்போது நான்கு கட்டையில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்; டிரான்ஸ்போஸ் என்ற வசதியில் +5 வைத்துவிட்டால், நீங்கள் சி-யை ஸட்ஜமாகக் கொண்டு பழகிய விரல்களாலேயே வாசிக்கலாம், ஒலி அவருடைய சுருதியில் வரும். பழைய சுருதிக்கு அவரை இழுக்க வேண்டாம். அது அவருடைய தொண்டைக்கு நீங்கள் கொடுக்கும் தண்டனை.

முதலில் ஸ்டைலே வேண்டாம். ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் (ப) மட்டும் அழுத்திப் பிடித்து, தம்புரா போலப் பின்னால் நில்லுங்கள். சில நாட்கள் கழிந்த பிறகு, கார்டுக்கு ஏற்பப் பக்கவாத்தியங்களை ஒலிக்கச் செய்யும் ஏ.சி.எம்.பி. பொத்தானை அணைத்து வைத்து ஸ்டைலை ஓட்டினால், பேஸும் கிட்டாரும் வாய் மூடித் தாளம் மட்டும் ஒலிக்கும். வேகத்தை நீங்கள் நிர்ணயிக்காதீர்கள். தாயார் பாடும்போது அவர் கை தட்டும் நடையிலேயே டெம்போ டேப் பொத்தானைத் தட்டுங்கள், நான்கு எண்ணிக்கைப் பாட்டுக்கு நான்கு முறை, மூன்று எண்ணிக்கைக்கு மூன்று முறை. கருவி அவருக்கு அடங்கி நடக்கும். விருத்தம் போலத் தாளமில்லாமல் இழுத்துப் பாடுகிற இடத்தில் மட்டும் ஸ்டைலை நிறுத்திவிடுங்கள். எந்த அரேஞ்சருக்கும் காத்திருக்கத் தெரியாது.

ஒரு விரலா, மூன்று விரலா என்று கேட்டீர்கள். உங்கள் கருவியில் ஒரு கட்டையை அழுத்தினால் மேஜர் கார்டு, அதோடு இடப்பக்கத்தில் அடுத்துள்ள கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர், வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த் என்று எளிய வழி இருக்கிறது. ஆனாலும் மூன்று விரல்களையே பழகுங்கள் என்பேன், ஏனென்றால் ஒற்றை விரலைத் தூக்கித் தூக்கி வைப்பதில்தான் கண் இடப்பக்கமே நிற்கிறது. சி கார்டுக்குக் கீழ்ப் பஞ்சமம், ஸட்ஜம், காந்தாரம், அதாவது ஜி, சி, இ. எஃப் கார்டுக்கு ஏ, சி, எஃப்: நடுவிலுள்ள ஸட்ஜம் அசையவே இல்லை, மற்ற இரண்டு விரல்கள் மட்டும் சற்று ஏறுகின்றன. ஜி கார்டுக்கு ஜி, பி, டி: கீழ்ப் பஞ்சமம் அப்படியே இருக்க, மற்ற இரண்டும் பக்கத்துக் கட்டைகளுக்கு இறங்குகின்றன. கையைத் தூக்காமல் மூன்று கார்டுகளுக்கும் போய்வரலாம். கார்டுக்கென ஒதுக்கப்பட்ட இடது பகுதிக்குள்ளேயே இவை அடங்கியும் விடுகின்றன. எளிய பஜனைப் பாட்டு பலவற்றுக்கு இந்த மூன்றே போதும். மோகனம் போன்ற ராகத்தில் அமைந்த பாட்டுக்கு இதோடு ஏ மைனரும் கைகொடுக்கும்.

சக்கரத்துக்காக உயர்ந்த மாடலுக்கு மாறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கமகத்துக்கு ஒத்துவராத கட்டைகள் என்பது உள்ளிட்ட காரணங்களுக்காகவே அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்தத் தடை 1971 வரை நீடித்தது. கட்டை வாத்தியத்தின் இந்தக் குறையைச் சக்கரம் ஓரளவு ஈடுகட்டலாம், ஆனால் அதைத் திருப்ப இடது கை வேண்டும், உங்கள் இடது கைக்கோ கார்டு வேலையே முடியவில்லை. கமகத்தைத் தாயாரின் தொண்டையிடம் விட்டுவிட்டு, அவர் வந்து நிற்கிற சுரங்களை மட்டும் நீங்கள் வாசியுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு ஸ்டாண்டும் ஒலியை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலும், அவர் சாய்ந்து உட்காரக் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியும் வாங்குங்கள். கட்டில் மேல் கீபோர்டை வைத்து வாசிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மணிக்கட்டு மடங்கி விரல் வேகம் போய்விடும்.

ஆசிரியர் வேண்டும். மூன்று மாதத்தில் தவறான விரல் ஒழுங்கு பதிந்திருக்கும், அதை அருகிலிருந்து பார்ப்பவர்தான் திருத்த முடியும். ஆனால் வகுப்புக்குப் போகாதீர்கள், வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுப்பவராகப் பாருங்கள். இரவில் அல்ல, தாயார் விழித்திருக்கும் மாலை வேளையில். கிரேடுத் தேர்வுக்கான பாடத்தோடு ஆசிரியர் வருவார். அது பிறகு ஆகட்டும், முதலில் அம்மாவின் நான்கு பாட்டுகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி, தாயாரிடம் எழுதி வாங்கிய நோட்டை அவரிடம் கொடுங்கள். மறுப்பவராக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள்.