ஃபுல் செட் வேணுமா, பாக்கெட் பிரிக்கணுமா: போக்கிமான் கார்டு கேள்வி-பதில்

போன தடவை பொம்மை வாரன்ட்டி பத்தி எழுதும்போது என் பையனோட போக்கிமான் கார்டு (அந்த ஜப்பான் கார்ட்டூன் பிராணிங்க படம் போட்ட அட்டை, பசங்க சேக்குறது) பைத்தியத்தைப் பத்தி போற போக்குல ஒரு வரி சொன்னேன், அவ்ளோதான், மத்ததெல்லாம் விட்டுட்டு அதையே புடிச்சுக்கிட்டீங்க. வந்த கேள்வில திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் எடுத்துருக்கேன்.

கேள்வி: பையனுக்கு ஏழு வயசு. ஸ்கூல் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்ல கோல்டு கலர் போக்கிமான் கார்டு, 55 கார்டு உள்ள பாக்ஸ் 150 ரூபாய்னு வாங்கிட்டு வந்தான். கூட படிக்கிற பையன் "இது ஃபேக்கு"ன்னு சொல்லிட்டானாம், ஒரே அழுகை. நிஜமாவே டூப்ளிகேட்டா மேடம்? (திருச்சியிலிருந்து ஒரு அம்மா)

பதில்: டூப்ளிகேட்தாங்க, அதுல சந்தேகமே வேணாம். ஒரிஜினல்லயும் கோல்டு கார்டு உண்டு, ஆனா அது அபூர்வமா வர்றது. 55ம் தங்கமா மின்னுதுன்னா அது நகைக்கடை இல்ல, பிளாஸ்டிக். ஒரிஜினல் பாக்கெட்ல பத்து கார்டு இருக்கும், அதுல முக்காவாசி சாதா அட்டைதான், பாத்தா சப்புனுதான் இருக்கும்.

கார்டு கைல இருந்தா இப்படிப் பாருங்க. ஒரிஜினல்னு உறுதியா தெரிஞ்ச ஒரு கார்டை பக்கத்துல வச்சுக்கோங்க, ஒண்ணைத் தனியா பாத்தா ஒண்ணும் தெரியாது. பின்பக்க நீலம் டூப்ளிகேட்ல வெளுத்துப்போயோ இல்ல ஊதா அடிச்சோ இருக்கும். இங்கிலீஷ்ல போக்கிமான்னு எழுதும்போது நடுவுல வர்ற ஈ எழுத்து மேல ஒரு குட்டி சாய்கோடு இருக்கும், நிறைய டூப்ளிகேட்ல அதை விட்டுருப்பான். அப்புறம் லைட்டை அணைச்சுட்டு கார்டுக்குப் பின்னாடி ஃபோன் டார்ச்சை வைங்க, ஒரிஜினல் அட்டைக்கு நடுவுல ஒரு கறுப்பு லேயர் இருக்கறதால வெளிச்சம் ரொம்ப கம்மியாதான் வரும், டூப்ளிகேட் பல்பு மாதிரி எரியும். படம் கார்டு முழுக்க பரவியிருக்க அந்த காஸ்ட்லி கார்டுகள்ல விரலை ஓட்டினா கைரேகை மாதிரி மெல்லிசா வரி வரியா தட்டுப்படும், டூப்ளிகேட் வழவழன்னு இருக்கும்.

பையனைத் திட்டாதீங்க. அதை வச்சு விளையாடட்டும், ஒண்ணும் தப்பில்ல. வேற பசங்களோட ஒரிஜினலுக்கு இதை மாத்த மட்டும் விடாதீங்க, அதுதான் ஸ்கூல் வாசல்ல சண்டையா முடியுது.

கேள்வி: போக்கிமான்ல 151னு ஒரு செட், மொதல் 151 போக்கிமானும் அதுல இருக்கும், அதை முழுசா சேக்கணும். மாசம் ரெண்டாயிரம் ஒதுக்க முடியும். பாக்கெட்டா வாங்கிட்டே போனா எப்ப முடியும் அக்கா? (மதுரை, காலேஜ் ஸ்டூடன்ட்)

பதில்: தம்பி, பாக்கெட்டா வாங்கிட்டே போனா முடியவே முடியாது. இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா எல்லாரும் காசை விடுற இடம் இதுதான். நம்ம காலத்து டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கா (உனக்கு இருக்காது, உங்க அண்ணனைக் கேளு), ஒரு டப்பா வாங்கினா மொத்த செட்டும் உள்ளயே இருக்கும். இது அப்படி இல்ல, உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சாதான் தெரியும், அதுலதான் அவன் பொழப்பே ஓடுது.

மொதல்ல "முழு செட்"னா உனக்கு என்னன்னு முடிவு பண்ணு. 2023 செப்டம்பர்ல வந்த இங்கிலீஷ் 151ஐ எடுத்துக்கோ. கார்டோட கீழ் மூலைல 25/165னு போட்டிருக்கும், அந்த 165தான் மெயின் செட். அதுல முதல் 151ம் பழைய ஆர்டர்லயே புல்பசார்ல ஆரம்பிச்சு மியூல முடியும், மிச்சம் 14 ட்ரெய்னர் கார்டு (போக்கிமான் இல்லாம ஆள், பொருள் படம் போட்டது). ஆனா கதை அங்க முடியல. 199/165னு ஒரு சாரிஸார்டு (டிராகன் மாதிரி இருக்கற போக்கிமான்) இருக்கு, மொத்தத்தை விட நம்பர் பெருசா இருக்கேன்னு முழிக்காத, அது சீக்ரெட் ரேர், மெயின் செட் நம்பருக்கு வெளிய வர்ற அபூர்வ கார்டு. அந்த மாதிரி 42 இருக்கு, ஆக 207. இதுக்கு மேல சாதா கார்டுகளுக்கே பளபளன்னு ரிவர்ஸ் ஹோலோன்னு (ஹோலோன்னா ஃபாயில் ஒட்டி மின்னுற கார்டு) இன்னொரு வெர்ஷன் இருக்கு, அது ஒரு 150க்கு மேல. அதையும் சேத்தாதான் மாஸ்டர் செட்டுங்கறாங்க, கிட்டத்தட்ட 360 கார்டு. 165க்கும் 360க்கும் பட்ஜெட் மலைக்கும் மடுவுக்கும்.

இப்ப கணக்கு. லூடோ டைஸ்ல ஆறு நம்பரும் ஒரு தடவையாவது விழணும்னா சராசரியா 15 தடவை உருட்டணும், அதுல கடைசியா பாக்கி நிக்கிற அந்த ஒத்த நம்பருக்கு மட்டும் ஆறு தடவை. கார்டும் அதேதான், ஆனா எல்லாம் சமமா வராது, ரேர் கார்டு எப்பவாவதுதான் வரும். பாக்கெட்டுக்கு பத்துல நாலு காமன் (சர்வசாதாரணமா வர்றது), மூணு அன்காமன்னு (அதை விடக் கொஞ்சம் கம்மியா வர்றது) போயிடும், பளபளப்பு மூணுதான். மொதல் பத்து பாக்கெட் செம ஜாலியா இருக்கும், எல்லாமே புதுசு. அப்புறம் ராட்டாட்டா ராட்டாட்டான்னு வந்துட்டே இருக்கும். எங்க வீட்ல ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அந்த எலிதான்.

அதனால நான் சொல்றது இதான்: ஆசைக்கு ஒரு பூஸ்டர் பண்டிலோ (ஆறு பாக்கெட்) எலைட் ட்ரெய்னர் பாக்ஸோ (ஒம்போது பாக்கெட்) வாங்கி பிரிச்சு சந்தோஷப்படு. அதோட நிறுத்து. இல்லாத நம்பரை லிஸ்ட் போட்டு, டபுளா இருக்கறதை மாத்திக்கோ, மிச்சத்தை சிங்கிள்ஸா, அதாவது ஒத்தை ஒத்தை கார்டா வாங்கு. காமன் அன்காமன் எல்லாம் லாட்டா மலிவா கிடைக்கும், அது மொத்தத்துக்கும் சேத்து நீ குடுக்கற காசை விட அந்த ஒத்த சாரிஸார்டு விலை ஜாஸ்தி. அதை கடைசிக்கு வை. விலையை பாக்குறப்ப "விக்கிறோம்"னு போட்டிருக்க விலையைப் பாக்காத, அது யார் வேணா என்ன வேணா போடலாம், இபேல வித்து முடிஞ்ச விலையைப் பாரு, கார்டு விக்கிற டிசிஜி பிளேயர் சைட்லயும் பாரு. அது அமெரிக்கா விலை, இங்க அதே விலைக்கு கிடைக்காதுதான், ஆனா எவன் மூணு மடங்கு ஏத்துறான்னு தெரிஞ்சிடும். புது செட் வந்த மொத வாரத்துல சிங்கிள்ஸ் பக்கமே போகாத, எல்லாரும் பிரிக்க ஆரம்பிச்சு நாலஞ்சு வாரம் ஆனா பெரும்பாலும் விலை இறங்கும்.

கேள்வி: சிங்கப்பூர்ல இருந்து மாமா வர்றார். ஜாப்பனீஸ் பாக்ஸ் வாங்கிட்டு வரச் சொல்லவா, இங்கிலீஷா?

பதில்: ஏற்கனவே எது சேக்குறீங்களோ அது. ரெண்டும் கலந்தா பைண்டர் (கார்டு சொருகுற ஆல்பம்) பாக்க சகிக்காது, தவிர ரெண்டும் ஒரே செட்டும் கிடையாது. ஜாப்பனீஸ் 151ல பாக்கெட்டுக்கு ஏழு கார்டு, பாக்ஸுக்கு 20 பாக்கெட், மாஸ்டர் பால் (கதைல போக்கிமான் புடிக்கிற பந்து) டிசைன் போட்ட ஹோலோ அதுல உண்டு, இங்கிலீஷ் 151ல கிடையாது. பிரிண்ட் குவாலிட்டி ஜாப்பனீஸ்தான் பெட்டர், இது என் அபிப்பிராயம். மாமாகிட்ட "போக்கிமான் பாக்ஸ்"னு மொட்டையா சொல்லாம ஃபோட்டோ அனுப்பிடுங்க, பாஷை எதுன்னும் சொல்லிடுங்க, சைனீஸ் எடிஷனும் இருக்கு, அவசரத்துல அதை எடுத்துட்டு வந்துட்டா மாமாவை ஒண்ணும் சொல்லவும் முடியாது.

கேள்வி: பாக்ஸ் இல்லாம லூஸ் பாக்கெட் மட்டும் கம்மி விலைக்கு தர்றாங்க. சீல் இருக்கே, வாங்கலாம்ல?

பதில்: நானும் இப்படித்தான் சீல் இருக்கேன்னு நம்பினேன். ஒரு செல்லர்கிட்ட எட்டு பாக்கெட், பையன் பர்த்டேக்கு. எட்டுலயும் ஒரு ரேர் கூட உருப்படியா இல்ல, சரி அதிர்ஷ்டம்னு விட்டுட்டேன், குப்பைல போடப் போன கவரை சும்மா வெளிச்சத்துல பிடிச்சா மேல் ஓரத்துல அந்த பல்லு பல்லா இருக்க மடிப்பு ஒரு பக்கம் நசுங்கி, உள்ள பசை காஞ்சு மஞ்சளா நிக்குது. பிரிச்சு நல்லதை எடுத்துட்டு திரும்ப ஒட்டிருக்கான். பழைய செட்னா இன்னும் மோசம், ஹோலோ கார்டு கொஞ்சம் வெயிட் ஜாஸ்திங்கறதால நகைத் தராசுல வச்சு கனமானதை எடுத்துட்டு லேசானதை நம்ம தலைல கட்டுவாங்க. பாக்ஸா வாங்குங்க, மேல சுத்தியிருக்க பிளாஸ்டிக்ல போக்கிமான் லோகோ பிரிண்ட் ஆகியிருக்கான்னு பாத்துக்கோங்க, இங்கிலீஷ் பாக்ஸ்ல அது இருக்கும்.

கேள்வி: ஒரு பாக்ஸை பிரிக்காம வச்சா பத்து வருஷத்துல லட்சக்கணக்குல போகும்ங்கறாங்களே? எஃப்டி போடுறதுக்கு பதிலா இதுல போடலாமா? (கோயம்புத்தூர், ஐடி வேலை)

பதில்: எஃப்டியை உடைச்சுடாதீங்க சார். 1999 பாக்ஸ் இன்னிக்கு அந்த விலை போகுதுன்னா அன்னிக்கு எல்லா பசங்களும் அதைப் பிரிச்சு கசக்கி சைக்கிள் சக்கரத்துல சொருகினதாலதான். இன்னிக்கு உங்களை மாதிரி ஆயிரம் பேர் பரண்ல ஏத்தி வச்சிருக்காங்க. போதாததுக்கு கம்பெனி கணக்குப்படி 2024 மார்ச் வரைக்கும் மொத்தம் 6,480 கோடி கார்டு அடிச்சிருக்காங்க, அதுல கடைசி ஒரு வருஷத்துல மட்டும் 1,190 கோடி. ஒரு செட் தீந்துடுச்சு, விலை ஏறுதுன்னு நினைச்சா திடீர்னு ரீபிரிண்ட் வந்து நிக்கும்.

லோகன் பால் கதை தெரியுமா? அமெரிக்க யூடியூபர், ஃபர்ஸ்ட் எடிஷன் பாக்ஸ் ஆறு இருக்குன்னு 35 லட்சம் டாலர் குடுத்து ஒரு பெட்டி வாங்கினார், அதுவும் நிபுணர்கள் பாத்து ஒரிஜினல்னு சொன்ன பெட்டி. 2022 ஜனவரில கேமரா முன்னாடி பிரிச்சா உள்ள பூரா ஜி.ஐ. ஜோங்கற வேற பொம்மை கம்பெனி கார்டு. அவருக்கு பணம் திரும்ப கிடைச்சுது. உங்களுக்கும் எனக்கும் அந்த கேரன்ட்டி யாரு தருவா? இன்னொண்ணு, நாளைக்கு அவசரமா பணம் வேணும்னா நம்ம ஊர்ல இதை யார்கிட்ட விப்பீங்க? அடகுக் கடைல எடுத்துக்க மாட்டாங்க.

கேள்வி: ஆன்லைன்ல "100% ஒரிஜினல்"னு போட்டிருந்த பாக்ஸ் பாதி விலைக்கு வாங்கினேன். பிரிச்சா எல்லாம் ஃபேக். "பிரிச்சுட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது"ன்னுட்டாங்க. என்ன பண்றது?

பதில்: பாதி விலைங்கும்போதே யோசிச்சிருக்கணும், சரி அதை விடுங்க. அவங்க சொல்றது செல்லாது. 2020 இ-காமர்ஸ் விதிகள்படி பொருள் போலியாவோ, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாமலோ இருந்தா செல்லர் திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. பிரிக்காம போலின்னு எப்படி தெரியும்? மொதல்ல அந்த லிஸ்டிங் பேஜை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நாளைக்கு காணாம போயிடும். பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தா பாதி வேலை முடிஞ்சுது, இல்லன்னா கார்டு, கவர், பில், பார்சல் லேபிள் எல்லாத்தையும் ஒண்ணா வச்சு ஃபோட்டோ. சைட்ல எழுத்துல கம்ப்ளைன்ட் குடுங்க, ஃபோன்ல பேசினது கணக்குல வராது. மசியலைன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கும் மேல நுகர்வோர் கமிஷன் போறதா இருந்தா, குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது.

அடுத்த தடவை பாக்ஸ் பின்னாடி இறக்குமதி பண்ணவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, இறக்குமதி பேக்கேஜ்னா சட்டப்படி இருக்கணும். இல்லாததெல்லாம் போலின்னு அர்த்தம் இல்ல, யாராவது பெட்டில போட்டு கொண்டுவந்த ஒரிஜினலா கூட இருக்கும், ஆனா பிரச்சனை வந்தா சட்டையைப் பிடிக்க ஆள் இருக்காது.

கேள்வி: சென்னைல இருக்கோம். ஹோலோ கார்டெல்லாம் வளையுதே?

பதில்: பீச் காத்துக்கு அப்பளமே நமுத்துப் போகுது, கார்டு வளையாதா? ஒரு பக்கம் ஃபாயில், ஒரு பக்கம் பேப்பர், பேப்பர் ஈரத்தை இழுத்து உப்பும், ஃபாயில் அப்படியே இருக்கும், அதான் வளைவு. வந்த உடனே ஸ்லீவ் (மெல்லிசு பிளாஸ்டிக் உறை) போட்டுடுங்க, விலை ஜாஸ்தினா அதுக்கு மேல டாப்லோடர் (கெட்டி பிளாஸ்டிக் உறை). ரிங் வச்ச ஃபைல் வேணாம், முதல் வரிசை கார்டுல ரிங் அழுத்தி தடம் விழும், ரிங் இல்லாத, பக்கவாட்டுல சொருகுற பைண்டர் வாங்குங்க. செருப்பு டப்பா, பை இதுலல்லாம் வர்ற அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்சு பீரோல போட்டு வைங்க. வெளிச் சுவரை ஒட்டின அலமாரி கூடவே கூடாது, மழைக்காலத்துல அந்தப் பக்கம் சுவரைத் தொட்டுப் பாருங்க, ஏன்னு தெரியும்.