ஆறு தலைநகரங்கள், நான்கு நண்பர்கள்: விசாவுக்கு எந்த நாட்டிடம் போவது?

கேள்வி: நாங்கள் மதுரையில் ஒன்றாகப் படித்த நான்கு நண்பர்கள். வருகிற மே மாதம் முதல் தடவையாக ஐரோப்பா போகிறோம். பாரிஸ் 3 இரவு, பிரஸ்ஸல்ஸ் 1, ஆம்ஸ்டர்டாம் 2, பெர்லின் 3, பிராக் 2, வியன்னா 3 என்று 14 இரவுக்குத் திட்டம். பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. "எந்த நாட்டில் இடம் இருக்கிறதோ அங்கே போட்டுவிடலாம், ஷெங்கன் விசா கைக்கு வந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஓட்டல் புக்கிங் எல்லாம் நானே தயார் செய்து தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? எங்களில் ஒருவர் கடை வைத்திருக்கிறார், இன்னொருவர் போன மாதம்தான் வேலையை விட்டார். ஒருவருக்கு மறுத்தால் எல்லோருக்கும் மறுத்துவிடுவார்களா?

பதில்: அந்த ஏஜென்ட் சொல்கிறபடி செய்யாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போனாலும் பரவாயில்லை.

ஒரு நாட்டின் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு 29 ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரலாம் என்பது உண்மைதான். அந்த ஓர் உண்மையைக் காட்டித்தான் அடுத்த பொய்யை விற்கிறார்கள். விசா கிடைத்த பிறகு எங்கே போகலாம் என்பது வேறு. விசாவை யாரிடம் கேட்க வேண்டும் என்பது வேறு. இரண்டாவதற்குத் தெளிவான விதி இருக்கிறது: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். கணக்கு நாட்டுக்குத்தான், நகரத்துக்கு இல்லை. பெர்லினில் 2 இரவு, மியூனிக்கில் 2 இரவு என்றால் ஜெர்மனிக்கு 4.

உங்கள் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிரான்ஸ் 3, ஜெர்மனி 3, ஆஸ்திரியா 3. மூன்றும் சமம். இப்படிச் சமமாக வந்தால், ஷெங்கன் பகுதிக்குள் எந்த நாட்டின் எல்லை வழியாக முதலில் நுழைகிறீர்களோ அந்த நாடு. நீங்கள் பாரிஸில்தான் பயணத்தைத் தொடங்குகிறீர்கள், அதனால் பிரான்ஸ் என்று நினைப்பீர்கள். அது நீங்கள் எடுக்கும் டிக்கெட்டைப் பொறுத்தது. தோஹா வழியாகவோ துபாய் வழியாகவோ பாரிஸில் இறங்கினால் பாஸ்போர்ட் சோதனை பாரிஸில், ஆகவே பிரான்ஸ். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் போய், அங்கே விமானம் மாறி பாரிஸ் போனால், பெட்டிக்கு நேராக பாரிஸ் என்று டேக் போட்டிருந்தாலும் பாஸ்போர்ட் சோதனை பிராங்க்பர்ட்டில் நடக்கும். ஷெங்கன் எல்லையைத் தாண்டுவது அங்கேதான், ஆகவே ஜெர்மனி. பயணத்தைத் தலைகீழாகத் திருப்பி வளைகுடா வழியாக நேரே வியன்னாவில் இறங்கினால் ஆஸ்திரியா. ஓட்டல்கள் அதே, இரவுகள் அதே, டிக்கெட் மாறினால் தூதரகமும் மாறிவிடுகிறது.

இது தெரியாமல், அல்லது தெரிந்தும் சொல்லாமல், மலிவான டிக்கெட் கிடைத்தது என்று வழியை மாற்றிப் போட்டு, பழைய தூதரகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கும் ஏஜென்ட்கள் நிறைய. கவுண்டரில் ஒன்று வாங்க மாட்டார்கள், அல்லது வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்புவார்கள். அலைச்சல் உங்களுக்கு.

ஆகவே சமம் வராமல் செய்துவிடுங்கள். என் யோசனை: பிரஸ்ஸல்ஸில் தங்குவதை விட்டுவிட்டு அந்த இரவை பாரிஸுக்குக் கொடுங்கள். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு யூரோஸ்டார் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, ஆம்ஸ்டர்டாம் போகும் பாதையும் அதுவே. காலையில் பிரஸ்ஸல்ஸில் இறங்கி, பெட்டிகளை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டு, கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்து, மாலை ரயிலில் ஆம்ஸ்டர்டாம் போய்விடலாம். பிரான்ஸ் 4, மற்றவை 3-க்குள். யாரும் கேள்வி கேட்க இடமில்லை. 14 இரவில் ஆறு ஓட்டல் மாறுவது ஐந்தாகக் குறைவதும் நல்லதுதான், முதல் பயணத்தில் பாதி நேரம் பெட்டி இழுப்பதிலேயே போய்விடும்.

பிரான்ஸுக்கு இடமே கிடைக்கவில்லை, ஆஸ்திரியாவுக்குக் கிடைக்கிறது என்றால்? அப்போது திட்டத்தை உண்மையாகவே மாற்றுங்கள். பாரிஸை 3 இரவாகவே விட்டு, அந்த இரவை வியன்னாவுக்குக் கொடுத்து சால்ஸ்பர்க் பக்கமும் போய்வாருங்கள். இதில் தப்பு எதுவும் இல்லை, உங்கள் பயணம், உங்கள் இஷ்டம். காகிதத்தில் ஒன்று, காலில் வேறொன்று என்பதுதான் தப்பு.

ஏஜென்ட் சொல்லும் வழியில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போகவே போகாத ஒரு நாட்டில் பத்து நாள் ஓட்டல் போட்டு விசா வாங்குவார். விசா வந்ததும் அந்த புக்கிங்கை ரத்து செய்வார். நீங்கள் பாரிஸில் இறங்குவீர்கள். எல்லை அதிகாரி "எங்கே தங்குகிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. விசாவில் ஒரு நாடு, கையில் வேறு நாட்டு ஓட்டல் என்றால், பொய் சொல்லி வாங்கிய விசா என்று அங்கேயே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். அந்தப் பதிவு அவர்களுடைய பொதுக் கணினித் தொகுப்பில் ஐந்து ஆண்டு வரை இருக்கும், 29 நாட்டுத் தூதரகங்களும் அதைப் பார்க்கும். அப்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். விண்ணப்பத்தின் கீழே கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே, அவர் இல்லையே.

ஓட்டலை நீங்களே புக் செய்யலாம், கஷ்டமே இல்லை. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பாருங்கள். ஒரு விஷயத்தில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்: நான்கு பேருக்கும் சேர்த்து ஒருவர் பெயரில் புக் செய்துவிடுவார்கள், காகிதத்தில் அவர் பெயரும் "4 பெரியவர்கள்" என்பதும் மட்டும் இருக்கும். மற்ற மூன்று பேரின் விண்ணப்பத்தில் அது அவர்களுக்குத் தங்குமிடச் சான்றாகாமல் போகலாம். ஓட்டலுக்கு எழுதி நான்கு பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி சேர்க்கச் சொல்லுங்கள். விமான டிக்கெட்டுக்கும் முழுப் பணம் கட்டி வாங்கிவிட வேண்டியதில்லை, முன்பதிவு போதும். ஆனால் அது நிஜமான முன்பதிவாக இருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிற "டம்மி டிக்கெட்" என்ற காகிதத்தைத் தொடாதீர்கள். பாரிஸில் இறங்கி வியன்னாவிலிருந்து கிளம்பும்படி டிக்கெட் கேளுங்கள், திரும்பவும் பாரிஸுக்கு வந்து ஏறுவது வீண் செலவு.

இனி அப்பாயின்ட்மென்ட். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. மே மாதப் பயணத்துக்கு நவம்பரிலேயே கதவு திறந்துவிடுகிறது. நம் ஆட்கள் மார்ச்சில் போய்த் தட்டுகிறார்கள், அப்போது கோடை விடுமுறைக் கூட்டம் மொத்தமும் அங்கே நிற்கும்.

ஆனால் பழி எல்லாம் நம் மேல் இல்லை. விண்ணப்பதாரர் கேட்ட நாளிலிருந்து பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் தரப்பட வேண்டும் என்று அவர்களுடைய விசா சட்டமே சொல்கிறது. பரபரப்பான பருவத்தில் அது எங்கே நடக்கிறது? முடிவு சொல்ல 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கு தொடங்குவதே விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான். அதற்கு முன் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த வாரங்கள் யார் கணக்கிலும் வராது. தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விண்ணப்ப நிலையத்தில் கேட்டால் "தூதரகம் திறந்தால்தான் இடம்" என்பார்கள். தூதரகத்துக்கு எழுதினால் நிலையத்தின் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி வரும். 90 யூரோ கட்டணம் வாங்குகிறார்கள், மறுத்தால் ஒரு பைசா திரும்பாது. அவ்வளவு வாங்குபவர்கள் வரிசையையாவது ஒழுங்காக நடத்தலாம். இந்த ஓட்டையில்தான் இடத்தை மொத்தமாகப் பிடித்து வைத்து ஆளுக்கு இத்தனை ஆயிரம் என்று விற்கும் கூட்டம் பிழைக்கிறது.

நீங்கள் அவர்களிடம் வாங்காதீர்கள். நிலையத்தின் தளத்தில் நீங்களே கணக்குத் திறந்து, ஒரு நாளில் பலமுறை பாருங்கள், மற்றவர்கள் ரத்து செய்த இடங்கள் திரும்ப வரும். நான்கு பேருக்கும் ஒரே நாளில் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை. நிலையத்துக்குப் போன பிறகு சொகுசு அறை, குறுஞ்செய்தி, போட்டோ, ஜெராக்ஸ், படிவம் நிரப்புதல் என்று வரிசையாகக் கேட்பார்கள். விசா கட்டணமும் நிலையத்தின் சேவைக் கட்டணமும் தவிர மற்றவை உங்கள் விருப்பம். சொகுசு அறையில் உட்கார்ந்து கொடுத்த விண்ணப்பத்துக்குத் தூதரகத்தில் எந்தச் சலுகையும் இல்லை. முடிவெடுப்பது தூதரகம், நிலையம் வெறும் வாங்கி அனுப்பும் இடம். "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உங்கள் இரண்டு நண்பர்களின் விஷயம். நான்கு விண்ணப்பங்களும் தனித்தனி, நான்கு முடிவுகளும் தனித்தனி. ஒருவருக்கு மறுத்தால் மற்றவருக்கும் மறுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கடை வைத்திருப்பவர் சம்பளச் சீட்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு, கடையின் நடப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட், தன் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட், இவை பேசும். வேலையை விட்டவர் அதை மறைக்கவே கூடாது. ஏஜென்ட் ஒரு கம்பெனி லெட்டர் தயார் செய்து தருகிறேன் என்பார். தூதரகம் அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் போதும். அதற்குப் பதில், பணி விடுவிப்புக் கடிதம், கடைசி மாதச் சம்பளச் சீட்டுகள், வரிக் கணக்கு, சேமிப்பு, புது வேலை உறுதியாகியிருந்தால் அந்தக் கடிதம், எல்லாவற்றையும் வைத்து, முகப்புக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதட்டும். அப்பா செலவு செய்கிறார் என்றால் அவருடைய கடிதமும் அவருடைய ஸ்டேட்மென்ட்டும் சேரட்டும். எதைச் செய்தாலும், விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கணக்கில் போடாதீர்கள். மாதம் முப்பதாயிரம் புரள்கிற கணக்கில் திடீரென்று நான்கு லட்சம் வந்தால் யார் பார்த்தாலும் தெரியும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், பயண நாட்கள் முழுவதுக்கும். பாஸ்போர்ட் ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

விசா வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது ஒன்று, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறொன்று. செல்லுபடியாகும் காலம் ஒரு மாதம் போல இருக்கும், தங்கும் நாள் 15 என்று இருக்கும். அந்த 15-தான் உங்களுக்கு. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இதில் சேரும், ஆகவே 14 இரவு என்றால் 15 நாள், விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையைச் சரிபார்த்து, முகப்படத்தைப் பதிவு செய்து கணினியே நாளை எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் தப்பாது.

போகிற போக்கில் லண்டனையும் பார்த்துவிடலாம் என்று நான்கு பேரில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார். பிரிட்டனுக்கு விசா தனி, கட்டணம் தனி. நடுவில் லண்டன் போய் மறுபடி பாரிஸ் வந்தால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

பணத்தில் ஒன்று மட்டும். பிராக்கில் யூரோ இல்லை, கொருனா. அங்கே கார்டு தேய்க்கும்போது "ரூபாயில் கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா" என்று திரை கேட்டால் கொருனா என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

ஒருவருக்கு மறுத்தே விட்டால், காரணத்தைக் குறித்த தாள் ஒன்று கொடுப்பார்கள். அதைப் படித்து, குறை எதுவோ அதைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம், மேல்முறையீடும் உண்டு. அன்றைக்கே இன்னொரு நாட்டில் போட்டுப் பார்க்கலாம் என்று கிளப்பிவிடுவார்கள், போகாதீர்கள். முதல் மறுப்பு அங்கேயும் திரையில் தெரியும். மற்ற மூன்று பேரும் தாராளமாகக் கிளம்பலாம். அதற்காகத்தான் ஓட்டல் புக் செய்யும்போதே, ரத்து செய்யும் கடைசித் தேதி, விசா முடிவு வரக்கூடிய தேதிக்குப் பின்னால் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஊருக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.